‘மாதொருபாகன்’: காளி தந்தையானானா?

காதலைப் பாடாத இலக்கியம் தமிழில் இல்லை. வாழ்வை அகம் என்றும் புறம் என்றும் பகுத்த நம் முன்னோர், களவில் தொடங்கிக் கற்பில் நிலைபெறும் அன்பையே அகத்திணையாக வகுத்தனர். அவ்வன்பின் பயனாக மக்கட்பேற்றைப் போற்றினர். வள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் அமைத்தார். ஆயின், அன்பு நிறைந்திருந்தும் மகவு வாய்க்காத இல்லத்தின் நிலை யாது? அவ்வில்லத்தில் எதிர்பாராத வழியில் ஒரு பிள்ளை வருமாயின், கணவன் அதனைத் தன் பிள்ளையாக ஏற்பானா? இவ்வினாவை நம் காலத்தில் நேர்நின்று எழுப்பிய புதினம் பெருமாள்முருகன் எழுதிய ‘மாதொருபாகன்’. இந்நூலைப் பற்றி நாடெங்கும் எழுந்த கருத்துகளையும், இத்தீவில் நம்மவர் சிலர் படித்துவிட்டுக் கூறிய கருத்துகளையும் ஒருங்கே வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடியேன் இலக்கியத்தைத் துறைபோகக் கற்றவன் அல்லன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றுபவன். பட்டப் படிப்போடு கல்வியை நிறுத்திக்கொண்டவன். எனினும் இந்நூல் எழுப்பும் வினா என் வாழ்வோடும் தொடர்புடையது. அத்தொடர்பைக் கட்டுரையின் பிற்பகுதியில் கூறுவேன்.

நூலின் வரலாறு

‘மாதொருபாகன்’ 2010 ஆம் ஆண்டில் காலச்சுவடு பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013 இல் வெளியாயிற்று. நான்காண்டுகள் வரை இலக்கிய அன்பர் வட்டத்திற்குள்ளேயே உலவிய நூல், 2014 டிசம்பரில் தெருவுக்கு வந்தது. தம் ஊரையும் கோயிலையும் மகளிரையும் நூல் இழிவு செய்கிறது என்று திருச்செங்கோட்டில் ஒரு சாரார் கிளர்ந்தெழுந்தனர். நூல் எரிக்கப்பட்டது, கடையடைப்பு நடந்தது. 2015 சனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சு நடைபெற்றது. அதன்பின் எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று ஆசிரியரே அறிவித்து எழுதுவதை நிறுத்தினார். 2016 சூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் நூலுக்கு எதிரான கோரிக்கைகளைத் தள்ளியது. பிடிக்காத நூலைப் படிக்காமல் மூடிவைக்க வாசகனுக்கு உரிமையுண்டு என்பதும், எழுத்தாளர் மீண்டும் எழுத வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் சாரம். ஆசிரியரும் மீண்டும் எழுத வந்தார்.

இவ்வளவும் செய்தித்தாள் படிப்போர் அறிந்ததே. ஆயின் இப்பெரும் பூசலில், நூலுக்குள் வாழும் காளியையும் பொன்னாவையும் எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? வழக்கு நூலைப் பற்றியது. நூலோ ஒரு கணவனையும் மனைவியையும் பற்றியது. ஆகவே முதற்கண் கதையைச் சுருக்கமாகக் காண்போம்.

கதையின் போக்கு

விடுதலைக்கு முற்பட்ட காலம். கொங்கு நாட்டில் திருச்செங்கோட்டை அடுத்த சிற்றூர். காளி உழவன், மண்ணிலும் மாட்டிலும் உயிராய் இருப்பவன். அவன் மனைவி பொன்னா. மணமாகிப் பன்னீராண்டு ஆகியும் குழந்தை இல்லை. அவர்களிடையே உள்ள அன்போ புதுமணத் தம்பதியர் அன்பு. இரண்டாந்தாரம் செய்துகொள் என்று ஊரும் உறவும் வற்புறுத்தியும் காளி இணங்கவில்லை. வேண்டாத கோயில் இல்லை. செய்யாத பரிகாரம் இல்லை. மலைமேல் உள்ள பாறையை, கால் வழுக்கினால் உயிர் போகும் என்று அறிந்தும், பொன்னா சுற்றி வருகிறாள்.

ஊரார் சொல் அவளை நாள்தோறும் சுடுகிறது. விதைப்புக்கும் விசேடத்துக்கும் அவள் கை ஆகாது என்கின்றனர். வாரிசில்லாத நிலம் யாருக்குப் போகும் என்று பங்காளிகள் கணக்குப் பார்க்கின்றனர். பிள்ளையில்லாமையை ஒரு குறையாகவே எண்ணாமல் தன்போக்கில் வாழும் நல்லுப்பையன் சித்தப்பா ஒருவரே காளிக்கு ஆறுதல்.

திருச்செங்கோட்டு மலையில் எழுந்தருளியுள்ள இறைவன் பெண்ணைத் தன் உடம்பில் பாதியாகக் கொண்டவன். அப்பெயரே நூலின் பெயர். அக்கோயில் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில், பிள்ளையில்லாப் பெண் முகமறியா ஆடவன் ஒருவனைச் சாமியாகக் கருதிக் கூடலாம் என்ற வழக்கம் இருந்ததாகக் கதை சொல்கிறது. காளியின் தாய் சீராயி முதலில் இதனைக் காளியிடம் கூறுகிறாள். காளி மறுக்கிறான். பின்னர் இரு குடும்பத்தாரும் கூடிப் பேசுகின்றனர். காளியின் ஆருயிர்த் தோழனும் பொன்னாவின் தமையனுமான முத்து, காளி இசைந்துவிட்டான் என்று பொன்னாவிடம் பொய் சொல்கிறான். அவளை வண்டியேற்றி அனுப்பிவிட்டு, காளியைக் கள் குடிக்க வேறிடம் அழைத்துச் செல்கிறான். திரும்பி வந்து வீட்டில் பொன்னாவைக் காணாத காளி, தான் முன்பு நட்டு வளர்த்த பூவரச மரத்தடியில் இடிந்து கிடப்பதோடு நாவல் முடிகிறது.

நான்கு கருத்துகள்

சிப்பிகாட்டில் இந்நூலின் ஒரே ஒரு படிதான் எங்களிடம் இருந்தது. சென்னைக்குக் கப்பலில் சென்று திரும்பிய நண்பர் ஒருவர் வாங்கி வந்தது. அஃது ஆறு வீடுகளைச் சுற்றி வந்தது. மாலை வேளைகளில், 2004 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தாழ்ந்துபோய்க் கடல்நீர் ஏறிவிட்ட வயல்களை ஒட்டிய சாலையோரத்தில் நாங்கள் சிலர் கூடிப் பேசுவது வழக்கம். அங்கே கேட்டவையும், நாட்டில் பலர் எழுதியும் பேசியும் வந்தவையும் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும்.

முதற்கருத்து, இவ்வழக்கம் உண்மையில் இருந்ததா என்பது. இதற்குச் சான்று உண்டா, ஊரைப் பெயர் சொல்லி எழுதலாமா என்று கேட்போர் இவர்கள். தம் ஊரின் மானம் கருதி ஒருவர் வருந்துவதில் வியப்பில்லை. தாய்நாட்டை விட்டு வந்த நமக்கு ஊர்ப்பற்று இன்னும் மிகுதி. ஊரைப் பற்றி ஒருவர் ஒரு சொல் தாழ்த்திச் சொன்னாலும் நமக்குப் பொறாது. ஆயினும் புதினத்தை வரலாற்று ஆவணமாகப் படிப்பது புதினத்தைப் படிப்பதாகாது. வழக்கம் இருந்ததா என்பது ஆய்வாளர் தீர்க்க வேண்டிய வினா. அப்படி ஒரு நிலை வந்தால் மனிதன் என்ன ஆவான் என்பதே புதினத்தின் வினா. அம்முதல் வினாவிலேயே நின்றுவிட்டவர் இரண்டாம் வினாவை அடையவே இல்லை.

இரண்டாங்கருத்து, காளிக்கு இழைக்கப்பட்டது துரோகம் என்பது. ஆடவர் பலர் இவ்வாறு கூறினர். எங்களுள் ஒருவர், “அண்ணே, அவன் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டா ஊரே கை தட்டியிருக்கும். பண்ணலையே! அந்த நல்லவனுக்கா இந்தத் தண்டனை?” என்று கேட்டார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. காளியின் நன்மையை அவர் சரியாகவே கண்டுகொண்டார். ஆயின் அவர் மறந்தது ஒன்றுண்டு. மணமாகும் முன் இதே திருவிழாவிற்கு இளமை வேகத்தில் முத்துவோடு சென்று வந்தவன் காளி. அன்று அவன் சாமி என்றால், எங்கோ ஒரு வீட்டில் அவனை அறியாமலே அவன் பிள்ளை வளர்ந்திருக்கவும் கூடும். அப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சும் உழவன் ஒருவனும் இருக்கக் கூடும். ஆசிரியர் இதனை வெளிப்படையாக வலியுறுத்தவில்லை; ஆயினும் கதையின் அமைப்பு நம்மை அவ்வாறு எண்ண வைக்கிறது. பிறன் இல்லத்தில் நிகழ்ந்தபோது திருவிழாவாக இருந்தது, தன் இல்லத்தில் நிகழும்போது இடியாக விழுகிறது.

மூன்றாங்கருத்து பெண்டிருடையது. பொன்னாவைக் குற்றம் சொல்ல அவர்கள் இசையவில்லை. “அவ புருசன் சம்மதிச்சதாச் சொன்னாங்க, போனா. அவ பொய்யா சொன்னா? பொய் சொன்னவங்க எல்லாம் ஆம்பளைக்குப் பக்கத்துல நல்லவங்களா நிக்கிறாங்க!” என்று என் இல்லாள் கேட்டபோது எவரிடமும் விடையில்லை. அதே வேளை, அத்திருவிழாக் கூட்டத்தில் தன் சாமியைத் தானே தேர்ந்துகொள்ளும் பொன்னாவின் மனத்தையும் ஆசிரியர் மறைக்கவில்லை. அவள் கடமைக்காக மட்டும் சென்றவள் அல்லள். பன்னீராண்டு இழிசொல்லிலிருந்து ஓர் இரவேனும் விடுபட விழைந்தவள். பெண்ணின் மனத்தை இவ்வளவு நேர்மையாக எழுதியதே பலருக்குப் பொறுக்கவில்லையோ என்று எண்ண வேண்டியுள்ளது.

நான்காங்கருத்து, பிறக்கும் பிள்ளை யாருடையது என்பது. பிள்ளை காளியுடையது ஆகாது என்றனர் சிலர். தாலி கட்டியவனே தகப்பன் என்றனர் சிலர். இவ்வாதம் பல நாள் நீண்டது. கட்டுரையின் மையம் இதுவே ஆதலின் இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

தந்தையரின் மரபு

நம் மரபில் எதிர்பாராமல் தந்தையானவர் பலர். உழுத சாலில் கிடந்த குழந்தையை எடுத்து மகளாக்கிக்கொண்டான் சனகன். ஆற்றில் மிதந்து வந்த பேழையைத் திறந்து, உள்ளிருந்த மகவைத் தன் மனைவி இராதையின் கையில் கொடுத்தான் தேரோட்டி அதிரதன். திருவில்லிபுத்தூர் நந்தவனத்தில் துளசியடியில் கண்ட பெண்மகவைப் பெரியாழ்வார் வளர்த்தார் என்பது வைணவ மரபு; அம்மகவே ஆண்டாள். பாரி மாய்ந்தபின் அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று, தந்தையின் இடத்தில் நின்று மணம் பேசினார் கபிலர். இவர்களுள் எவரையும் நாம் தந்தையர் அல்லர் என்று சொல்வதில்லை. கன்னன் பிறப்பால் யார் மகன் என்று அறிந்த பின்னரும் தன்னை இராதையின் மகனாகவே கருதினான் என்பதைக் கேட்டு மனம் நெகிழாதார் யார்?

இங்கு ஒருவர் இடைமறிக்கலாம். இவையெல்லாம் கண்டெடுத்த குழந்தைகள். மனைவியின் வயிற்றில் பிறன் வித்தாய் வந்தவை அல்லவே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கும் மரபில் விடையுண்டு. பாண்டு மன்னன் சாபத்தால் மகப்பேறு இழந்தவன். குந்தியும் மாத்திரியும் தேவர் அருளால் ஐவரைப் பெற்றனர். பாண்டுவே விசித்திரவீரியன் இறந்த பின் வியாசரால் பிறந்தவன். நம் ஊர்த் திரௌபதியம்மன் கோயில்களில் ஆண்டுதோறும் பாரதம் படிக்கிறார்கள். ஐவரும் பாண்டுவின் மக்கள் அல்லர் என்று எழுந்து நின்று வாதிட்டவர் எவரையும் நான் அறியேன். பாண்டவர் என்ற பெயரே தந்தையின் பெயரால் வந்தது.

அவ்வாறாயின், பாண்டுவுக்கு இயன்றது காளிக்கு ஏன் இயலாமற் போயிற்று? காளியின் அன்பு குறைந்ததா? இல்லை. பிள்ளை ஆசை குறைந்ததா? அதுவும் இல்லை. வேறுபாடு ஒன்றே. குந்தியிடம் பாண்டு தானே கேட்டுக்கொண்டான். காளியிடம் எவரும் உண்மையாகக் கேட்கவில்லை. அவன் மறுத்ததை மறைத்து, இசைந்தான் என்று மனைவியிடம் கூறினர். பொன்னாவையும் எவரும் உண்மையாகக் கேட்கவில்லை. அவள் தந்த இசைவு பொய்யின் மேல் நின்ற இசைவு. அன்புடைய இருவரையும் சுற்றி நின்ற உற்றார், அவர்கள் நன்மைக்கென்றே, அவர்களை அறியாமல் முடிவெடுத்தனர். சீராயியும் முத்துவும் கொடியவர் அல்லர். முத்து காளிக்காக உயிரையும் கொடுப்பவன். நல்லவர் செய்த பிழை ஆதலின்தான் இக்கதை நம்மை இவ்வளவு வருத்துகிறது.

இங்கே இந்நூலின் பெயர் புதுப்பொருள் தருகிறது. பெண்ணை உடம்பில் பாதியாய்க் கொண்ட இறைவனை நாளும் வணங்கும் ஊரார், கணவன் மனைவி இருவரையும் தனித்தனியே பிரித்து, ஒருவர்க்குத் தெரியாமல் மற்றவரை நடத்தினர். பாதி அறியாமல் மற்றப் பாதியை எங்ஙனம் அழைத்துச் செல்வது? பிள்ளை யார் வித்து என்பது நூலின் துயரம் அன்று. இருவரின் நடுவே பொய் நுழைந்தது என்பதே துயரம் என்பது என் கருத்து.

எங்கள் கூட்டத்தில் இதனை முதலில் கண்டு சொன்னவன் நான் அல்லேன். எழுத்தறியாத மூதாட்டி ஒருவர், மருமகள் இரவு தோறும் படித்துச் சொல்லக் கேட்டவர். எல்லாரும் வாதிட்டு ஓய்ந்தபின் அவர் மெல்லச் சொன்னார்: “ஏப்பா, அவங்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்டிருந்தா, அவனே வண்டி பூட்டிக் கூட்டிட்டுப் போயிருப்பானோ என்னமோ. இல்ல, போக வேணாம்னு ரெண்டு பேருமாச் சேந்து இருந்திருப்பாக. கேக்கலையே!” நூலைப் பற்றி நான் படித்த மதிப்புரைகளுள் எதுவும் இதற்கு மேல் சொல்லிவிடவில்லை.

இரண்டு முடிவுகள்

வாசகர் பலர், அதன்பின் காளி என்ன ஆனான் என்று கேட்டவண்ணம் இருந்தனர். ஆசிரியர் 2014 இல் இரண்டு நூல்களால் விடை தந்தார். ஒன்று ‘ஆலவாயன்’, மற்றொன்று ‘அர்த்தநாரி’. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் கதைகள் அல்ல. ஒரே கதைக்கு இரு வேறு தொடர்ச்சிகள். ‘ஆலவாயன்’ கதையில் காளி தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறான். பொன்னா தனித்து வாழக் கற்கிறாள். பெண்கள் ஒருவர்க்கொருவர் துணையாகின்றனர். ‘அர்த்தநாரி’ கதையில் காளி உயிரோடு இருக்கிறான். ஆயின் பேசாமையால் பொன்னாவைத் தண்டிக்கிறான். தான் செய்யாத பிழைக்கு வருந்தி நிற்க அவளும் உடன்படவில்லை.

இவ்வமைப்பைத் தமிழில் வேறோர் எடுத்துக்காட்டோடு ஒப்பிடலாம். ஜெயகாந்தன் 1966 இல் ஆனந்த விகடனில் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதையில், கெடுக்கப்பட்டு வந்த மகளின் தலையில் தாய் நீரை ஊற்றி, நீ தூயவள் என்று தேற்றி அணைத்துக்கொள்கிறாள். வாசகரிடையே பெரும் வாதம் எழுந்தது. தாய் இவ்வாறு செய்யாமல் ஊரறியக் கதறியிருந்தால் என்னவாகும் என்ற எண்ணத்தின் மீது அவரே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ புதினத்தை எழுப்பினார். 1972 இல் அந்நூலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. ஒரு தாயின் ஒரு செய்கை மாறியதும் ஒரு பெண்ணின் வாழ்வே மாறிவிடுவதை அங்குக் கண்டோம். இங்கும் அவ்வாறே, காளி வாழ்வதும் சாவதும் அவன் ஒருவன் நெஞ்சின் முடிவு. ஆனால் அம்முடிவு மூன்று பேரின் வாழ்வை ஆள்கிறது. மூன்றாமவர் இன்னும் பிறவாதவர்.

இருநூல்களைப் பற்றியும் ஒரு குறை கூற வேண்டும். முதல் நூலின் இறுதிப் பக்கம் நம் நெஞ்சில் விட்டுச்செல்லும் வினாவின் கூர்மை, விடை சொல்லப் புகுந்ததும் சற்று மழுங்குகிறது. பூவரச மரத்தடியோடு நிறுத்தியிருக்கலாமே என்று எங்களுள் சிலர் கூறியதில் நியாயம் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய பயன் ஒன்று இதனால் விளைந்தது. காளியின் வழி ஒன்றே என்று ஆசிரியர் விதித்துவிடவில்லை. இரண்டு கதவுகளைத் திறந்து வைத்தார். திறந்த கதவில் மூன்றாவதும் இருக்கக் கூடும் என்று எண்ணும் உரிமை வாசகனுக்கு உண்டு. காளி அப்பிள்ளையை எடுத்து மார்போடு அணைக்கும் கதை எழுதப்படவில்லை. அதனை எழுதும் பணியை ஆசிரியர் நமக்கு விட்டார் என்றே கொள்கிறேன்.

என் அலுவலகக் கோப்பு

அம்மூன்றாம் கதையை நான் அறிவேன். இதனை ஒரு மலரில் எழுதலாமா என்று நெடுநாள் தயங்கினேன். நம்மவர் குடும்பங்கள் படிக்கும் மலர் ஆதலின் எழுதுகிறேன்.

என்னைப் பெற்றவர் நான் கைக்குழந்தையாய் இருந்தபோதே காலமானார். என் அன்னை என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூலி வேலைக்குச் சென்றவள். இராமநாதபுரம் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த ஒருவர், மரம் சுமக்கும் தொழிலாளி, என் அன்னையை மணந்தார். பிள்ளையோடு இருக்கும் பெண் வேண்டாம் என்று அவர் உற்றார் கடிதம் மேல் கடிதம் எழுதினர். அவர் முதலில் என் அன்னையிடம் கேட்டாராம், “பையன் என்னை ஏத்துக்குவானா?” என்று. அவனுக்கு வயது இரண்டு என்று அன்னை சிரித்தாளாம். “இருந்தாலும் கேக்கணும்ல” என்றாராம் அவர். இதனை என் அன்னை பலமுறை கூறக் கேட்டிருக்கிறேன். அவருக்கு அதன்பின் மக்கள் பிறக்கவில்லை. அதனை ஒரு குறையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பணியில் சேர்ந்தபோது என் பிறப்புச் சான்றிதழில் ஒரு தந்தை பெயரும், பள்ளிச் சான்றிதழில் வேறொரு தந்தை பெயரும் இருந்தன. எது சரி என்று அலுவலகம் கேட்டது. அப்பா நீலச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திடும் இடத்தில் நெடுநேரம் எழுத்துக் கூட்டினார். இது உண்மைதானா என்று அதிகாரி கேட்டார். “என் புள்ளைங்க அவன். எழுதிக்குங்க” என்றார். அவ்வளவே. அந்தத் தாளின் நகல் இன்றும் என் பணிப்பதிவேட்டில் உள்ளது.

எழுத்தர் வேலையில் நாள்தோறும் குடும்ப விவரப் படிவங்களைப் பார்க்கிறேன். பெயர், வயது, உறவுமுறை என்று கட்டங்கள் இருக்கும். மகன் என்று எழுதியிருப்பதை நாங்கள் சான்றுகளோடு ஒத்துப்பார்ப்போம். அச்சொல்லுக்குப் பின் என்னென்ன நிகழ்ந்தன என்று எந்தக் கட்டமும் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. ஆனால் புதினம் அதைத்தான் கேட்கிறது. படிவமும் புதினமும் வேறுபடும் இடம் அது.

காளியின் கதையைப் படித்து முடித்த இரவு என் அப்பாவை எண்ணி அழுதேன். என் அப்பா காளியைவிட உயர்ந்தவர் என்று கூற வரவில்லை. அவரிடம் பொய் எதுவும் சொல்லப்படவில்லை. எல்லாம் அறிந்து, விரும்பி, கேட்டு ஏற்றார். காளிக்கு அவ்வாய்ப்பைத் தரவில்லை. அறிந்து ஏற்கும் வாய்ப்பை அவனுக்குத் தந்திருந்தால் அவனும் அலுவலக வாயிலில் நின்று அவ்வாறே கூறியிருக்கக் கூடும்.

முடிவுரை

இத்தீவில் வாழும் நமக்கு இக்கதை வெறும் கொங்கு நாட்டுக் கதை அன்று. 1964 ஆம் ஆண்டு இந்திய இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோருள் சிலர் கச்சால் தீவின் இரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். பிறர் கூலிகளாகவும் வணிகராகவும் ஊழியராகவும் கப்பலேறி வந்தோம். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கச்சாலை அழித்தபோது, உற்றாரை இழந்த குழந்தைகளைப் பற்றி நாம் எல்லாரும் கேள்விப்பட்டோம். சித்தப்பா என்றும் மாமா என்றும் அழைக்கப்பட்டவர் அப்பாவாக ஆன இல்லங்கள் நம்மிடையே உண்டு. அவற்றைப் பற்றி நாம் பேசுவதில்லை. பேசாமை சில இடங்களில் பண்பு. சில இடங்களில் பூவரச மரத்தடி இருட்டு.

‘மாதொருபாகன்’ பற்றி எழுந்த பூசல் ஓய்ந்துவிட்டது. அதன் ஆசிரியர் மீண்டும் எழுதிப் பல பரிசுகள் பெற்றார். 2023 இல் ‘ஆளண்டாப் பட்சி’யின் ஆங்கிலப் பெயர்ப்புக்கு ஜேசிபி இலக்கியப் பரிசு கிடைத்தது. ஆயின் நூல் எழுப்பிய வினா ஓயவில்லை. பெற்றோரும் மாமன்மாரும் தம் மக்களின் நன்மைக்கென்று அவர்களைக் கேளாமல் செய்யும் ஏற்பாடுகள் இன்றும் நம் இல்லங்களில் நடைபெறுகின்றன. திருமணத்தில், படிப்பில், பிள்ளைப்பேற்று மருத்துவத்தில், மகவெடுத்து வளர்ப்பதில், எங்கும் காளிகளும் பொன்னாக்களும் உள்ளனர்.

தந்தைமை குருதியால் மட்டும் வருவதன்று என்பதைச் சனகனும் அதிரதனும் பெரியாழ்வாரும் காட்டினர். அஃது ஏற்பால் வருவது. ஏற்பு உண்மையால் வருவது. உண்மையை மறைத்து ஒருவனைத் தந்தையாக்க இயலாது. உண்மையைச் சொல்லி ஒருவனைத் தந்தையாக்க இயலும். காளி தந்தையானானா என்ற வினாவுக்கு நான் காணும் விடை இதுவே: அவன் ஆகியிருப்பான், அவனை யாரும் கேட்கவில்லை.

நூலை இதுவரை படியாத அன்பர்கள் படிக்க வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து படித்தால் இன்னும் நலம். எங்கள் ஆறு வீட்டைச் சுற்றி வந்த படி இப்போது அட்டை கிழிந்து என்னிடம் உள்ளது. வேண்டுவோர் சிப்பிகாட்டில் என் இல்லத்திற்கு வந்து பெற்றுக்கொள்ளலாம். படித்து முடித்ததும் தம் கருத்தைக் கூறித் திருப்பித் தந்தால் போதும்.